புட்டிக்குள் அடங்கிய கார்பீன்: 1991-ஆம் ஆண்டுப் படிகம் பற்றிய நிகழ்வு ஆய்வு

1991 ஜனவரியில் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் ஆய்விதழில் மூன்று பக்கக் குறுங்கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர்கள் அந்தோணி அர்டுயெங்கோ, ரிச்சர்ட் ஹார்லோ, மைக்கேல் கிளைன். மூவரும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அல்ல, டெலவேர் மாநிலம் வில்மிங்டனில் உள்ள டியூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடக்காரர்கள். அவர்கள் சொன்னது இதுதான்: ஒரு கார்பீனை நிறமற்ற படிகமாகப் பிரித்தெடுத்துவிட்டோம், அது 240 டிகிரி செல்சியஸில் சிதையாமல் உருகுகிறது, அதன் வடிவத்தை எக்ஸ்-கதிரில் பார்த்தும் விட்டோம்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி வேண்டும். கார்பன் நான்கு பிணைப்புகளை விரும்பும் அணு. நான்கும் அமைந்தால் அதன் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் நிறையும். கார்பீனில் உள்ள கார்பனுக்கோ இரண்டே பிணைப்புகள், ஆறே எலக்ட்ரான்கள். மிச்சமுள்ள இரண்டும் பிணைப்பில் சேராமல் நிற்கின்றன. இப்படிப்பட்ட மூலக்கூறு கைக்கு எட்டும் எதையும் பிடித்துக்கொண்டு எட்டை நிறைத்துக்கொள்ளப் பார்க்கும். மெத்திலீன் என்ற மிக எளிய கார்பீன், கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புக்குள்ளேயே புகுந்துவிடும். ஆகவே கார்பீன் என்பது வினையின் நடுவே கண நேரம் தோன்றி மறைவது, அதை யாரும் எடை போட்டுப் புட்டியில் வைக்க முடியாது என்றே பல தலைமுறை மாணவர்கள் படித்தார்கள்.

அந்தப் பாடம் 1991-இல் பொய்த்தது. ஆனால் இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. அந்தப் படிகத்தைச் செய்யத் தேவையான வேதியியல் 1970-லேயே முழுசாகக் கையில் இருந்தது. அதைவிட வியப்பு, அந்தப் படிகம் வந்த பிறகு நடந்த முதல் பெரிய பயன்பாட்டுக்கு அந்தப் படிகமே தேவைப்படவில்லை.

முன்கதை

இரண்டு பிணைப்புள்ள கார்பனைத் தேடும் முயற்சி பழையது. 1835-இல் பிரான்சில் டூமாவும் பெலிகோவும் மெத்தனாலிலிருந்து நீரைப் பிடுங்கி மெத்திலீன் செய்யப் பார்த்தார்கள். கார்பனுக்கு நான்கு இணைதிறன் என்று கெகுலே சொன்னதே 1858-இல்தான், எனவே அவர்களுக்கு அது முடியாத காரியமாகத் தெரிந்திருக்காது. அப்புறம் வந்தவர்களுக்குத்தான் அது வீண் வேலையாகத் தெரிந்தது. 1954-இல் டோரிங்கும் ஹாஃப்மனும் குளோரோஃபார்மிலிருந்து டைகுளோரோகார்பீன் உருவாக்கி, அது இரட்டைப் பிணைப்பில் சேர்வதைக் காட்டியபோது, கார்பீன் மதிப்புள்ள இடைநிலைப் பொருளாயிற்று. இடைநிலைதான், பொருள் இல்லை.

1950-களின் கடைசியில் இரண்டு இடங்களில் இந்தப் படம் மாறத் தொடங்கியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரொனால்டு பிரெஸ்லோ, வைட்டமின் பி1 ஆன தயமின் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதன் தயசோல் வளையத்தில் கந்தகத்துக்கும் நைட்ரஜனுக்கும் நடுவில் உள்ள ஹைட்ரஜன், கனநீரில் விட்டால் எளிதில் டியூட்டீரியத்துக்கு இடம் கொடுத்தது. அந்த ஹைட்ரஜன் புரோட்டானாகக் கழன்றால் மிஞ்சுவது கார்பீன் போன்ற ஒன்று. உடலில், நீருக்கு நடுவில், கார்பீனா? பலருக்கு அது நம்பக் கஷ்டமான கருத்து.

இன்னோர் இடம் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். ஹான்ஸ்-வெர்னர் வான்ஸ்லிக் தெளிவான ஒரு யோசனையோடு இறங்கினார். கார்பீன் கார்பனின் இருபுறமும் நைட்ரஜனை வைத்தால், நைட்ரஜனின் தனி இணை எலக்ட்ரான்கள் காலியாக உள்ள சுற்றுப்பாதைக்குள் கொஞ்சம் வழிந்து அதன் பசியை ஆற்றும் என்பதே அந்த யோசனை. கணக்கு முற்றிலும் சரி. தேர்ந்தெடுத்த மூலக்கூறில்தான் அதிர்ஷ்டம் இல்லை. 1960-இல் அவர் எடுத்துக்கொண்டது வளையத்துக்குள் இரட்டைப் பிணைப்பு இல்லாத, நைட்ரஜன்களில் ஃபீனைல் தொகுதிகள் (ஆறு கார்பன் வளையங்கள்) கொண்ட இமிடசோலிடின், அதாவது இரண்டு நைட்ரஜன்கள் உள்ள ஐந்தணு வளையம். அதைச் சூடாக்கிக் குளோரோஃபார்மை வெளியேற்றினால் கார்பீன் மிஞ்ச வேண்டும். கையில் கிடைத்தது இரண்டு கார்பீன்கள் ஒட்டிக்கொண்ட இருபடி, அதாவது நான்கு நைட்ரஜன்கள் சூழ்ந்த ஓர் இரட்டைப் பிணைப்பு.

வான்ஸ்லிக் விடவில்லை. இருபடி கரைசலில் பிரிந்து கார்பீனாகி மறுபடி சேர்கிறது, இரண்டுக்கும் இடையே சமநிலை இருக்கிறது என்றார். 1964-இல் டேவிட் லெமாலின் குழு இதைச் சோதித்தது. வெவ்வேறு தொகுதிகள் கொண்ட இரண்டு இருபடிகளைக் கலந்தால், அவை உண்மையில் பிரிந்து சேர்வதானால் கலப்பு இருபடி வர வேண்டும். வரவில்லை. இதோடு கதை முடிந்தது என்று பலரும் நினைத்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சோதனை சொன்னது, அந்த மூலக்கூறு அந்த வெப்பநிலையில் பிரியவில்லை என்பதை மட்டுமே. கார்பீன் நிலைக்காது என்று அது சொல்லவில்லை. இந்த வேறுபாடு அப்போது கவனிக்கப்படாமல் போனது. இருபடிச் சமநிலை வேறு வகைக் கார்பீன்களில் உண்மையிலேயே உண்டு என்பதை 2000-இல் எக்கெஹார்ட் ஹானின் குழு பென்சிமிடசோல் சார்ந்த ஒன்றில் காட்டியது. வான்ஸ்லிக் பாதி சரிதான்.

1968, 1970: கைக்கு எட்டியது

1968-இல் இரண்டு ஆய்வுக்கூடங்கள் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. மியூனிக்கில் கார்ல் ஓஃபெலெ, ஓர் இமிடசோலியம் உப்பை (அதே போன்ற வளையம், ஆனால் உள்ளே இரட்டைப் பிணைப்பும் நேர்மின்னூட்டமும் கொண்டது) குரோமியம் கார்பனைல் எதிரயனோடு சேர்த்துச் சூடாக்கினார். ஹைட்ரஜன் வெளியேறியது, குரோமியத்தில் கார்பீன் பிணைந்த அணைவுச் சேர்மம் (உலோக அணுவைச் சுற்றி வேறு மூலக்கூறுகள் பிணைந்தது) கிடைத்தது. பெர்லினில் வான்ஸ்லிக்கும் ஷோன்ஹெரும் பாதரச அசிடேட்டை இமிடசோலியம் உப்போடு சூடாக்கிப் பாதரச அணைவைப் பெற்றார்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அசிடேட் காரமாகச் செயல்பட்டு ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்கிறது, பாதரசம் கார்பனைப் பிடித்துக்கொள்கிறது. தனிக் கார்பீன் குடுவைக்குள் தலைகாட்டவே வேண்டாம். இந்த உத்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.

உலோகத்தோடு பிணைந்த கார்பீன் என்ற கருத்தே அப்போது புதிதல்ல. ஓஃபெலெ இருந்த அதே மியூனிக்கில், எர்ன்ஸ்ட் ஓட்டோ ஃபிஷர் 1964-லேயே டங்ஸ்டனில் கார்பீன் அணைவைக் காட்டியிருந்தார். ஃபிஷரின் கார்பீன் கார்பன் எலக்ட்ரான் பஞ்சத்தில் இருக்கும், வினைகள் அதன் மேலேயே பாயும். நைட்ரஜன்கள் தாங்கும் கார்பீனோ உலோகத்துக்கு எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். சும்மா உட்கார்ந்திருப்பது அன்று யாருக்கும் சுவாரசியமாகப் படவில்லை. வினையூக்கியில் ஈனிக்கு, அதாவது உலோகத்தோடு பிணைந்து அதைத் தாங்கும் மூலக்கூறுக்கு, வேண்டிய முதல் குணமே அதுதான் என்பது உறைக்க இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. நடுவில் சசெக்ஸில் மைக்கேல் லாப்பர்ட் இருபடிகளைப் பிளந்து பல உலோகங்களில் இத்தகைய அணைவுகளைச் செய்துகொண்டே இருந்தார். பார்த்தவர்கள் குறைவு.

1970-இல் வான்ஸ்லிக்கும் ஷோன்ஹெரும் இன்னும் நெருங்கினார்கள். நான்கு ஃபீனைல் தொகுதிகள் கொண்ட இமிடசோலியம் உப்பு, அதாவது வளையத்துக்குள் இரட்டைப் பிணைப்பு உள்ள வகை, அதைப் பொட்டாசியம் டெர்ட்-பியூடாக்சைடு என்ற வலுவான காரத்தோடு சேர்த்தார்கள். கரைசலில் கார்பீன் இருந்தது. அதோடு வினைபுரியக் கூடியவற்றைச் சேர்த்து, எதிர்பார்த்த விளைபொருள்கள் வருவதை வைத்து நிரூபித்தார்கள். பிரித்தெடுக்கவில்லை.

டுலூஸின் சிவப்பு எண்ணெய்

முதல் நிலையான கார்பீன் எது என்று கேட்டால் வேதியியலாளர்களிடையே சிறு சச்சரவு கிளம்பும். 1988-இல் பிரான்சின் டுலூஸில் கி பெர்ட்ரானின் குழு, ஒரு பக்கம் பாஸ்பரசும் மறுபக்கம் சிலிக்கனும் தாங்கும் கார்பீனைச் செய்தது. சிவப்பு நிற எண்ணெய், வெற்றிடத்தில் காய்ச்சி வடிக்கலாம். இரட்டைப் பிணைப்புகளோடு சேர்ந்து மூவணு வளையம் தருவது உள்பட, கார்பீன் செய்யும் வேலைகளை அது செய்தது. ஆனால் பாஸ்பரசுக்கும் கார்பனுக்கும் இடையே பலமடிப் பிணைப்பு இருப்பது போலவும் அது நடந்துகொண்டது. எனவே ‘இது கார்பீனா, பாஸ்பரஸ் சேர்ந்த அசிட்டிலீன் வகையா’ என்ற விவாதம் நீண்டது. படிகம் இல்லாததால் அதை உடனே தீர்க்க முடியவில்லை. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கார்பீனின் படிக அமைப்பு 2000-இல்தான் வந்தது.

என் கருத்தில் முதலிடம் பெர்ட்ரானுக்கே சேர வேண்டும். ஆனால் துறையை மாற்றியது அர்டுயெங்கோவின் படிகம். அதில் விவாதிக்க ஒன்றும் இல்லை. எவரும் அடுத்த வாரமே செய்து பார்க்கலாம்.

வில்மிங்டனில் நடந்தது

டியூபாண்ட் அப்போது ஒரு வண்ணப்பூச்சு நிறுவனமாகவும் இருந்தது. அர்டுயெங்கோ இமிடசோலியம் உப்புகளுக்கு வந்து சேர்ந்தது பூச்சுகள் வழியாகத்தான். பூச்சை இறுக வைக்கும் வேதிப்பொருள்களாக இமிடசோல் தயோன்கள் (வளையத்தின் கார்பனில் கந்தகம் இணைந்தவை) தேவைப்பட்டன. இமிடசோலியம் உப்பு, காரம், கந்தகம் மூன்றையும் சேர்த்தால் தயோன் வந்துவிடும். அந்த வினையின் நடுவே கார்பீன் தோன்றிக் கந்தகத்தைப் பிடிக்கிறது என்று எழுதிக் காட்டலாம். கந்தகத்தைப் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அடுத்த கேள்வி.

தேர்ந்தெடுத்த உப்பின் இரு நைட்ரஜன்களிலும் அடமன்டைல் தொகுதிகள் இருந்தன. கார்பன்கள் கூண்டாகக் கட்டிய கனத்த தொகுதி அது. கரைப்பான் டெட்ராஹைட்ரோஃபியூரான், காரம் சோடியம் ஹைட்ரைடு. ஹைட்ரைடு கரையாத திண்மம், உப்பும் சரியாகக் கரையாது, இரண்டு திண்மங்கள் ஒன்றையொன்று தொட்டு வினைபுரிவது மெதுவான காரியம். அதனால் மிகச் சிறிதளவு டைமெத்தில் சல்பாக்சைடைச் சேர்த்தார்கள். அதன் எதிரயன் கரைசலில் உலாவி, உப்பிலிருந்து புரோட்டானை எடுத்துக்கொண்டு ஹைட்ரைடிடம் போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். ஹைட்ரஜன் வாயு குமிழியிட்டு வெளியேறும், சோடியம் குளோரைடு அடியில் படியும், வடிகட்டினால் கரைசலில் கார்பீன். விளைச்சல் 96 சதவீதம். காற்றும் ஈரமும் படாமல் செய்ய வேண்டும் என்பதைத் தவிர இதில் சாகசம் ஏதும் இல்லை.

அளவீடுகள் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. அணுக்கருக்களின் காந்தக் குறியீட்டை அளக்கும் என்.எம்.ஆரில் அந்தக் கார்பன் 211 பிபிஎம் பக்கத்தில் தெரிந்தது. அதே கார்பன் இமிடசோலியம் உப்பில் இருக்கும்போது 135-ஐ ஒட்டித்தான் வரும். படிகத்தில் நைட்ரஜன்-கார்பன்-நைட்ரஜன் கோணம் 102.2 பாகை, உப்பில் அது 109-ஐ நெருங்கும். கோணம் குறுகியதற்குக் காரணம் உண்டு. பிணைப்பில் சேராத இணை எலக்ட்ரான்கள் கார்பனின் உட்கருவுக்கு நெருக்கமான சுற்றுப்பாதையில் தங்கிவிட்டன, பிணைப்புகளுக்கு ஒன்றுக்கொன்று செங்கோணத்தை நெருங்கி நிற்கும் சுற்றுப்பாதைகளே மிஞ்சின. கணக்கீடுகள் 1991-க்கு முன்பே சொல்லிவந்த ஒற்றை நிலைக் கார்பீனின், அதாவது அந்த இரு எலக்ட்ரான்களும் இணையாக உள்ள கார்பீனின், வடிவம் இதுவே.

ஏன் நிற்கிறது?

கட்டுரை வந்ததும் பலருக்குத் தோன்றிய விளக்கம், அடமன்டைலின் பருமன். இரண்டு கூண்டுகள் வாசலை மறைத்துக்கொண்டிருக்க, கார்பீனை எதுவும் தொட முடியவில்லை என்ற எண்ணம். அர்டுயெங்கோவே அதை உடைத்தார். 1992-இல் நைட்ரஜன்களில் வெறும் மெத்தில் தொகுதிகள் உள்ள கார்பீனையும் படிகமாகப் பிரித்தார். மெத்திலால் எதையும் மறைக்க முடியாது.

அப்படியானால் காரணம் மின்னணு அமைப்பில் இருக்கிறது. நைட்ரஜன் கார்பனைவிட எலக்ட்ரானை அதிகம் இழுக்கும், எனவே பிணைப்புகளின் வழியே கார்பனிடமிருந்து இழுத்து அதன் தனி இணையை அமைதிப்படுத்துகிறது. அதே நைட்ரஜன் தன் தனி இணையைக் கார்பனின் காலிச் சுற்றுப்பாதைக்குக் கடனாகத் தருகிறது. ஒரு கையால் வாங்கி மறுகையால் கொடுப்பது மாதிரி. மெத்திலீனில் இணையாத இரு எலக்ட்ரான்கள் கொண்ட மும்மை நிலைதான் கீழே இருக்கும், ஒற்றை நிலை சுமார் 9 கிலோகலோரி மேலே. இமிடசோல் கார்பீனில் இது தலைகீழாகி, ஒற்றை நிலை 80 கிலோகலோரிக்கும் மேல் கீழே போய்விடுகிறது. இரண்டு கார்பீன்கள் சேர்ந்து இருபடியாக வேண்டுமானால் அந்த மேட்டில் ஏற வேண்டும். அதற்கு அவற்றுக்கு ஆசை இல்லை.

வளையத்தின் அரோமாட்டிக் தன்மைக்கு, அதாவது எலக்ட்ரான்கள் வளையம் முழுவதும் பரவுவதால் வரும் நிலைப்புக்கு, இதில் எவ்வளவு பங்கு என்பதில் பல ஆண்டுகள் வாதம் நடந்தது. 1995-இல் அர்டுயெங்கோ, வளையத்துக்குள் இரட்டைப் பிணைப்பு இல்லாத கார்பீனையும் மெசிட்டைல் தொகுதிகளோடு (மூன்று மெத்தில்கள் ஒட்டிய ஃபீனைல்) பிரித்துக் காட்டினார். வான்ஸ்லிக் 1960-இல் தொட்ட அதே வளைய வகை. 1996-இல் பிரிஸ்டலில் ரோஜர் ஆல்டர் வளையமே இல்லாத டைஅமினோகார்பீனையும் பிரித்தார். ஆக அரோமாட்டிக் தன்மை கொஞ்சம் உதவுகிறது, கட்டாயம் இல்லை. அது இல்லாத இடத்தில் பருமன் தேவைப்படுகிறது. வான்ஸ்லிக்கின் ஃபீனைல் தொகுதிகள் தட்டையானவை, ஒதுங்கி வழிவிட்டன, அவருடைய கார்பீன்கள் சேர்ந்துகொண்டன. மெசிட்டைலில் கூடுதலாக உள்ள மெத்தில்கள் அந்த வழியை அடைத்தன.

1998-இல் வந்த சோதனையைத்தான் இந்த வரலாற்றின் மையமாக நான் பார்க்கிறேன். அர்டுயெங்கோவின் குழு 1970-இல் வான்ஸ்லிக் எடுத்த அதே டெட்ராஃபீனைல் இமிடசோலியம் உப்பை எடுத்துப் புரோட்டானை நீக்கி, கார்பீனைப் படிகமாகப் பிரித்தது. வான்ஸ்லிக்கின் கனவு நனவானது என்ற பொருளில் கட்டுரைக்குத் தலைப்பும் வைத்தது. பெருந்தன்மையான தலைப்பு. ஆனால் அதற்குள் ஒரு கசப்பான செய்தியும் இருக்கிறது. 1970-இல் பெர்லின் குடுவைக்குள் இருந்தது பிரித்தெடுக்கக்கூடிய பொருளே. வான்ஸ்லிக் குழுவின் கைத்திறனைக் குறை சொல்ல முடியாது. கார்பீனைக் கரைசலிலேயே பிடித்து நிரூபித்தால் போதும் என்று அந்தக் காலத்து வேதியியல் நினைத்தது. உலர்ந்த நைட்ரஜன் நிரம்பிய கையுறைப் பெட்டிகள் எல்லா ஆய்வுக்கூடங்களுக்கும் வராத காலம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

படிகம் எதை மாற்றியது?

1995-இல் மியூனிக்கில் வொல்ஃப்காங் ஹெர்மனின் குழு, பல்லேடியத்தில் இரண்டு இமிடசோல் கார்பீன்களைக் கட்டி, கார்பன்-கார்பன் பிணைப்பு உருவாக்கும் ஹெக் வினைக்கு வினையூக்கியாகப் பயன்படுத்தியது. அதுவரை அந்த இடத்தில் பாஸ்பரஸ் சேர்மங்களான பாஸ்பீன்கள்தான் ஈனிகள். பாஸ்பீன்கள் காற்றில் ஆக்சிஜனேற்றமடையும், சூட்டில் உலோகத்தை விட்டுக் கழன்றுகொள்ளும், எனவே அதிகமாகப் போட வேண்டும். கார்பீன் இறுகப் பற்றியது, வெப்பத்தைத் தாங்கியது. நைட்ரஜன் சூழ்ந்த கார்பீன்கள் வினையூக்கத்துக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான்.

அந்தப் பல்லேடியம் அணைவைச் செய்த விதத்தைப் பாருங்கள். இமிடசோலியம் அயோடைடு, பல்லேடியம் அசிடேட், சூடு. அசிடேட் புரோட்டானை எடுக்க, உலோகம் கார்பனைப் பிடிக்கிறது. 1968-இல் வான்ஸ்லிக் பாதரசத்தில் செய்த அதே உத்தி. தனிக் கார்பீன் இங்கேயும் தலைகாட்டவில்லை. வேதியியல் ரீதியில், அர்டுயெங்கோவின் படிகம் இல்லாமலேயே 1970-களில் யாராவது இதைச் செய்திருக்கலாம். செய்யவில்லை. இந்தக் கார்பீன் எடை போட்டு வைக்கக்கூடிய, தனக்கென்று உருகுநிலை உள்ள ஒரு பொருள் என்று தெரிந்த பிறகுதான், இதை ஈனியாக நம்பலாம் என்ற எண்ணம் வந்தது.

தனிக் கார்பீன் நேரடியாகவே பயன்பட்ட இடங்களும் உண்டு, அவற்றில் பெரியது ரூத்தீனியம். ராபர்ட் கிரப்ஸின் முதல் தலைமுறை வினையூக்கியில் இரண்டு பாஸ்பீன்கள் இருந்தன. 1999-இல் கிரப்ஸின் குழு அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு, மெசிட்டைல் தொகுதிகள் உள்ள இரட்டைப் பிணைப்பற்ற கார்பீனை வைத்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் ஸ்டீவன் நோலனின் குழுவும் ஹெர்மனின் குழுவும் இதற்கு நெருக்கமான அணைவுகளை வெளியிட்டன. இரட்டைப் பிணைப்புகளை வெட்டி மாற்றி ஒட்டும் மெட்டாதிசிஸ் வினையில் இது பலமடங்கு திறமையாக வேலை செய்தது. 2005-இல் கிரப்ஸ், ஷ்ராக், ஷோவன் மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

அந்த வினையூக்கியில் இரண்டு கார்பீன்கள் இருப்பது கவனிக்கத் தக்கது. ஒன்று வினையில் ஈடுபட்டு ஒவ்வொரு சுற்றிலும் மாறுகிறது, மற்றது பக்கத்தில் நின்று தாங்குகிறது. அது எப்படித் தாங்குகிறது என்பதில் முதல் ஊகம் தவறாகப் போனது. கார்பீன் எலக்ட்ரானைத் தள்ளுவதால் எதிர்ப்பக்கப் பாஸ்பீன் சீக்கிரம் கழன்றுவிடும், அதனால்தான் வேகம் என்று நினைத்தார்கள். 2001-இல் மெலனி சான்ஃபோர்டும் கிரப்ஸும் அளந்து பார்த்தபோது, பாஸ்பீன் முன்னைவிட சுமார் நூறு மடங்கு மெதுவாகவே கழன்றது. ஆனால் ஒருமுறை கழன்றபின், பாஸ்பீன் திரும்பி வந்து ஒட்டுவதற்குப் பதில் ஆல்கீன் (இரட்டைப் பிணைப்புள்ள வினைபொருள்) வந்து சேரும் வாய்ப்பு பத்தாயிரம் மடங்கு கூடியிருந்தது. தூங்கி எழுவது தாமதம், எழுந்தால் நெடுநேரம் வேலை. அளக்காமல் சொன்ன விளக்கங்களுக்கு வேதியியலில் பஞ்சமே இல்லை.

கார்பீன் ஈனி உலோகத்தை விட்டுக் கழலவே கழலாது என்ற பேச்சும் அப்படித்தான் பரவியது. பல்லேடியத்தில் அது கழலும். ஓர் ஆல்கைல் தொகுதியோ அரைல் தொகுதியோ பக்கத்தில் இருந்தால், கார்பீன் அதோடு பிணைந்து இமிடசோலியம் உப்பாக வெளியேறிவிடும் என்று காவெல், மெக்கின்னஸ் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. மிஞ்சும் உலோகம் துகள்களாகச் சேரும், சில நேரம் அந்தத் துகள்களே வினையைச் செய்யும். ‘எங்கள் கார்பீன் அணைவுதான் வினையூக்கி’ என்று எழுதப்பட்ட கட்டுரைகளில் சிலவற்றையாவது இதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

அப்புறம்

2005-இல், அப்போது கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் இருந்த பெர்ட்ரானின் குழு, ஒரு நைட்ரஜனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாதாரணக் கார்பனை வைத்தது. தாங்கு ஒன்று குறைந்தது, கார்பீனின் பசி கூடியது, இருந்தும் அது நிலைத்தது. 2007-இல் அதே குழு, இத்தகைய ஒற்றை நைட்ரஜன் கார்பீன்கள் உலோகம் எதுவும் இல்லாமலேயே ஹைட்ரஜனையும் அம்மோனியாவையும் பிளப்பதைக் காட்டியது. அர்டுயெங்கோ வகைக் கார்பீன்களால் அது முடியாது. 2014-இல் கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் கேத்லீன் கிரடனின் குழு தங்கப் பரப்பின் மேல் கார்பீன்களை ஓர் அடுக்காகப் பரப்பியது. பல பத்தாண்டுகளாகத் தங்கத்தோடு கூட்டு வைத்திருந்த கந்தகச் சேர்மங்களைவிட அந்த அடுக்கு கொதிநீரையும் அமிலத்தையும் காரத்தையும் நன்றாகத் தாங்கியது.

பிரெஸ்லோவின் கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. பிரித்தெடுத்த கார்பீன்கள் எல்லாம் உலர்ந்த பெட்டிக்குள் வாழ்ந்தவை, நீர் பட்டால் புரோட்டானைப் பிடித்துக்கொண்டு உப்பாகிவிடுபவை. தயமின் நீருக்குள் கார்பீனாகிறது என்பதை இவற்றை வைத்து எப்படி ஏற்பது? 2025-இல் ரிவர்சைடில் வின்சென்ட் லவாலோவின் குழு, குளோரின் நிறைந்த கார்போரேன் (போரானும் கார்பனும் சேர்ந்த) கூண்டுகளைச் சுற்றிலும் அமைத்து ஒரு கார்பீனை நீரிலேயே உருவாக்கி, அது மாதக்கணக்கில் நிற்பதை என்.எம்.ஆரிலும் எக்ஸ்-கதிரிலும் காட்டியது. நீருக்குள் கார்பீன் இருக்கவே முடியாது என்ற மறுப்பு இதனால் விழுந்தது. தயமின் நொதிக்குள் கார்பீன் நிமிடக்கணக்கில் வாழ்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. லவாலோவின் கார்பீனைக் காப்பாற்றுவது அதைச் சுற்றியுள்ள கூண்டு, நொதிக்குள் அந்த வேலையைப் புரதம் வேறு விதமாகச் செய்ய வேண்டும். இவ்வளவு மூடிய கார்பீனால் உலோகத்தோடு பிணைந்து பயனுள்ள வினையூக்கியாக முடியுமா என்பது தனிக் கேள்வி. நீரில் நடக்கும் வினைகளுக்குக் கார்பீன் ஈனிகளைத் தேடுபவர்கள் கூண்டை எவ்வளவு திறந்துவைக்கலாம் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.